தூணோரம்

முதல் நாள் வகுப்புக்கு வந்த மாசிலாமணியின் கால்கள், வாசலுக்கு வெளியே இருந்த தூணருகில் தாமாகவே நின்றுவிட்டன. திருத்திய விடைத்தாளைக் கொடுக்கும்போதெல்லாம், "நீ வெளிய போய் நில்லுடா" என்று இளவயதில் ஆசிரியர்கள் அவரை நிறுத்திவைத்த இடம் அது. அரியர்களோடு படிப்பை விட்டுப் போனவர், காதோரம் நரைத்தபிறகு அதே கல்லூரியில் மறுபடியும் சேர்ந்திருக்கிறார்.

உள்ளே அட்டென்டன்ஸ் எடுத்தார்கள். தன் பெயர் கேட்டதும், தூணோடு ஒட்டி நின்றபடியே "எஸ் சார்" என்று குரல் கொடுத்தார். வகுப்பே வாசலைத் திரும்பிப் பார்த்தது. அவரைவிட இளையவரான பேராசிரியர் வெளியே வந்தார்.

"ஏன் சார் இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அந்த 'சார்' யாருக்கு என்று மாசிலாமணிக்குப் புரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும், கூப்பிட்ட ஆள் உள்ளே போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.