பீரோ ஓரத்தில் நாலு கோடு

“குளியலறைக் கதவைச் சாத்தாதீங்க. அங்கதான் சிக்னல் ரெண்டு கோடாவது வருது” என்றாள் நசீரா கணவரிடம்.

அலி அக்பர் கவிழ்த்த வாளியின்மேல் ஏறி நின்று, போனை வென்டிலேட்டர் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு கோடு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. எங்கள் தீவின் அபர்தீன் பஜாரில் பெயர் உள்ள பாத்திரக்கடைக்காரர் அவர். மகள் கல்யாணத்தைக் குளியலறையில் நின்று பேசவேண்டிய நிலைமை.

“இன்னிக்கும் கட் ஆச்சுன்னா சென்னைக்காரங்க வேற இடம் பாத்துருவாங்க. மூணு வாரமா நிச்சயத்துக்குத் தேதி கேக்குறாங்க. தேதின்னு ஆரம்பிச்சதுமே லைன் போயிருது. நம்ம அஸ்ரினுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை மறுபடி எங்க கெடைப்பாரு?” என்றாள் நசீரா.

“அதுக்கு நான் என்ன செய்ய? நான் என்ன டவரா?”

மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை தமீமின் அத்தா ஜாபர் சென்னையிலிருந்து கூப்பிடுவார். இதுவரை ஆறு முறை பேசியாயிற்று. ஆறு முறையும் நடுவில் அறுந்தது. ஆறு முறையும் அலி அக்பர் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் தீவுக்காரர்களின் பழக்கம் அது. மெயின்லேண்டிலிருந்து போன் வந்தால், சலாம் சொல்லி முடிப்பதற்குள், ‘எங்க ஊர் டவர் அப்படி, தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்லிவிடுவோம். கப்பல் தாமதமானால் மன்னிப்புக் கேட்போம். மழை பெய்தால் அதற்கும் சேர்த்துக் கேட்போம்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு நந்தகுமார் வந்தார். ஃபீனிக்ஸ் பே படகுத்துறை வாசலில் சிம் கார்டு விற்கிறவர். கையில் மூன்று போன், மூன்று கம்பெனி.

“பாய், நம்ம குட்வில் எஸ்டேட் முழுக்க இதே கதைதான். தெருவுல நின்னா எல்லா கம்பெனியும் ராஜா. வீட்டுக்குள்ள வந்தா சப் பேகார், ஒண்ணும் உதவாது. ஒவ்வொரு ரூமா நடந்து பாத்துத்தான் எடுக்கணும்.”

மூவரும் வீட்டுக்குள் ஊர்வலம் போனார்கள். முதல் கம்பெனி ஹாலில் நின்றது, சமையலறையில் படுத்துவிட்டது. இரண்டாவது, ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்றால் மட்டும் பேசியது. மூன்றாவது போனோடு படுக்கையறைக்குள் போன நந்தகுமாரின் குரல் கேட்டது.

“தேக்கோ பாய், இங்க பாருங்க, பீரோ ஓரத்துல நாலு கோடு. ஃபுல்.”

கதவைச் சாத்திப் பார்த்தார்கள். ஃபேனைப் போட்டுப் பார்த்தார்கள். நசீராவைக் குறுக்கே நிற்கவைத்தும் பார்த்தார்கள். நாலு கோடும் அசையவில்லை. மாயாபந்தரில் இருக்கும் தன் மச்சானைக் கூப்பிட்டு நந்தகுமார் கால் மணி நேரம் பேசிக் காட்டினார். லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

“இந்தக் கம்பெனிதான்” என்றார் அலி அக்பர், பெண்ணையே கட்டிக்கொடுத்துவிட்டவர் மாதிரி.

“கட்டைவிரலை வைங்க பாய். மூணு மணிக்குள்ள சிம் சாலூ ஆயிரும், பேச ஆரம்பிச்சிரலாம்.”

சொன்னபடியே சாலூ ஆனது. புது நம்பர் ஜாபருக்குப் போனது. ஐந்து மணிக்கு அலி அக்பர் பீரோவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். மூச்சுவிட்டால் சிக்னல் நகர்ந்துவிடுமோ என்று பயம். போன் அடித்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. மன்னிக்கணும், எங்க ஊர் டவர்...”

“வ அலைக்கும் ஸலாம். பரவாயில்ல, பரவாயில்ல” என்றார் ஜாபர் பெருந்தன்மையாக. “அப்ப நிச்சயத்துக்குத் தேதி...”

லைன் அறுந்தது.

நசீரா கட்டிலில் உட்கார்ந்து அழுதே விட்டாள். அலி அக்பருக்கோ, பெற்ற மகளின் வாழ்க்கை நகத்தளவு பிளாஸ்டிக் துண்டில் மாட்டிக்கொண்டதே என்று வெட்கமாக இருந்தது. வேறு சிம் வாங்கலாம், வீட்டைக்கூட மாற்றலாம். தீவை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. அவர் முந்திக்கொண்டார்.

“மன்னிக்கணும் சம்பந்தி. உங்களுக்காகவே இன்னிக்குப் புது சிம் போட்டேன். அதுவும் கைவிட்டுருச்சு. எங்க ஊர் நஸீபு, தலையெழுத்து அப்படி. நாளைக்கே வேற கம்பெனி...”

“வேணாம் சம்பந்தி. இனி ஒரு சிம்மும் வாங்காதீங்க” என்றார் ஜாபர். அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் காற்று இரைந்தது. “உங்க குரல் எனக்கு எப்பவும் கணீர்னுதான் கேட்டுச்சு. லைன் அறுந்ததெல்லாம் எங்க பக்கம்தான். எங்க ஃபிளாட்டுக்குள்ள டவர் நிக்காது, இப்பக்கூட நாலு மாடி ஏறி மொட்டை மாடியில நின்னு பேசுறேன். கடல் தாண்டிப் பொண்ணு குடுக்குறவங்க இதைக் கேட்டா, பொண்ணுகிட்டப் பேச முடியாதேன்னு யோசிப்பீங்களேன்னு பயந்தேன். மொத நாளே நீங்க முந்திக்கிட்டு மன்னிப்புக் கேட்டீங்களா, சரின்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.”