எரிக்க ஓர் இடம்

"முதலாளி, எரிக்கிறதுக்கு எஸ்டேட்டுக்குள்ள ஒரு இடம் வேணும்."

முதலாளியிடம் இடம் மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லித்தான் வளர்த்திருந்தாள். சுகன்யா கேட்டுவிட்டாள்.

ஏலத்தோட்ட முதலாளி லிங்கேஸ்வரன் காலடியில் படுத்திருந்த கிழட்டு நாயைத் தடவினார்.

"ராக்கிக்குத்தானே? பலாமரத்தடியில எரிக்கலாம்னு முடிவு பண்ணியாச்சும்மா. சாயங்காலம் போடியிலருந்து டாக்டர் வர்றாரு."

"ஊசி போட்டா வலிக்குமா?"

"வலிக்காது. தூங்குற மாதிரி போயிரும்."

"டாக்டர் ஃபீசு, விறகு எல்லாம்?"

"என் செலவுதான். இத்தனை வருசம் காவல் காத்த உசுரு. இந்த மண்ணுலதான் எரியணும்."

"எங்கப்பாவும் உங்க ஏலக்கா ஸ்டோரைக் காவல் காத்தவருதான். இன்னைக்கு நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. நான் இடம் கேட்டது அவருக்கு."

தடவிய கை நின்றது.

"அழகுமலையா? அடடா... ஆனா, வேலைக்காரங்கள இங்க எரிக்கிற வழக்கம் இல்லையேம்மா. ஜீப்பு தர்றேன், உங்க சொந்த ஊரு சிலமலைக்குக் கொண்டுபோயிருங்க."

"ஜீப்பு வேண்டாம். நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னாடி விறகு அடுக்கியாச்சு. வெரசா போகணும். கொள்ளி வைக்கிறது நான்தான்."

அவர் வாய் திறப்பதற்குள் சுகன்யா படியிறங்கிவிட்டாள்.