வாயை மூடிச் சிரி

"பள்ளிக்கூடத்துல வாயை மூடிட்டுத்தான் சிரிக்கணும், சொல்லிட்டேன்!" என்று மகளை மிரட்டி அனுப்பினாள் அம்மா.

சொத்தையான பால்பல்லுக்கு நேற்றுப் போட்ட எவர்சில்வர் கேப், கடைவாயில் பளபளவென்று மின்னியது. வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமே!

மாலையில் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க பொண்ணு கிளாஸ் முழுக்க வாயைப் பிளந்து காட்டியிருக்கா!"

அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"என் பையன் இனிமே பல்லே தேய்க்க மாட்டானாம். சொத்தை வந்தாத்தான் வெள்ளிப் பல் கிடைக்குமாம்!"

"எங்க வீட்டுலயும் அதே கூத்துதான்," என்றாள் இன்னொருத்தி. "நாளைக்கு நீங்களே வந்து பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்லுங்க. நீங்க பல் டாக்டராச்சே, சொன்னா கேப்பாங்க."

மகள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"நானே கேக்கலியே, ஆன்ட்டி!"