பிடுங்கிய ஐம்பது

“இங்கே நிக்கக் கூடாது. கிளம்புங்க” என்றார் டன்ஸ்டன்.

அந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர். நியூ ஜெர்சியின் பிப்ரவரிக் குளிரில் கோட்டுகூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

“இது நடைபாதை சார். உங்க வகுப்பறை இல்லை” என்றாள் யொலாண்டா.

செவ்வாய்க்கிழமை, மணி மூன்று. பிள்ளைகளை அழைத்துப்போக அம்மாக்கள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் யொலாண்டாவும் எங்கள் சார்ட்டர் பள்ளியின் விண்ணப்பங்களோடு நின்றோம். அதுவும் அரசாங்கப் பணத்தில் நடப்பதுதான். கட்டணம் கிடையாது. நிர்வாகம் மட்டும் தனி. இடம் அறுபது, கேட்பவர்கள் நானூறு. குலுக்கல் போட்டு எடுப்போம்.

“பெரியவரே, உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

“இருந்தது. முப்பத்தொரு வருஷம் தபால் போட்டேன். இப்ப இது.”

எதிர்ச்சாரியில் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஒருவர் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டன்ஸ்டன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சட்டென்று யொலாண்டா கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“என் பிள்ளைங்களைக் கலைக்க வந்தா நடக்கிறதே வேற” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மாக்கள் எங்களைப் பார்க்காத மாதிரி நடையைக் கட்டினார்கள். முந்தின வாரம் வாங்கிய தாளை ஒருத்தி எங்கள் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் போட்டாள். அங்கே பாதிப் பேர் குவாத்தமாலாக்காரர்கள், ஸ்பானிஷ்தான் தெரியும். எங்கள் தாள் முழுக்க ஆங்கிலம்.

முனைக் கடையில் உட்கார்ந்தோம். யொலாண்டா பன்றிக்கறி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தாள்.

“நாற்காலி பயம், மிஸ்டர் ரூஃபஸ். இப்ப இருநூத்தி அறுபத்திரண்டு பிள்ளைங்க. இருநூத்தி அம்பதுக்குக் கீழ போனா அந்தப் பள்ளியை மூடிடுவாங்க.”

“அவன் பொழப்பு அவனுக்கு.”

“என் பையன் பொழப்பு? அங்கதான் அஞ்சாவது முடிச்சான். இந்த மாதிரிக் கடைக்கு வந்தா படத்தைக் காட்டித்தான் சாப்பாடு கேப்பான். படிக்கத் தெரியாது. குலுக்கல்ல அவன் சீட்டு வந்துது. ரெண்டே வருஷம், இப்ப எனக்கு வர்ற நோட்டீஸை அவன் படிச்சுச் சொல்றான். சீட்டு போட்டு வரலைன்னா அது விதி. இந்த ஆளு சீட்டே போட விடமாட்டேங்கறாரே.”

நான் என் ரொட்டியைத் தின்றேன்.

மறுநாளே மாநிலக் கல்வித்துறைக்குப் புகார் எழுதினாள். பெற்றோருக்கான விண்ணப்பங்களைப் பிடுங்கினார், வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று. புகார்ப் படிவத்தில் பள்ளியின் குறியீட்டு எண் கேட்டிருந்தது. அரைநாள் அலைந்து கண்டுபிடித்தாள். 0386. உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தாள், தபால்தலை வாங்கிப் போடச் சொல்லி.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி வாசலில் வைத்திருந்த விண்ணப்பப் பெட்டியைத் திறந்தோம். நான் வாசித்தேன். அவள் பதிந்தாள்.

“இப்போது படிக்கும் பள்ளின்னு கேட்டா, எவனோ நம்பர் எழுதியிருக்கான். அப்புறம் அடிச்சிட்டுப் பேரை எழுதியிருக்கான்.”

“என்ன நம்பர்?”

“சைபர், மூணு, எட்டு, ஆறு. அடுத்ததுலயும் அதே கதை.”

அவள் பேனா நின்றது.

“அது நான் புகார்ல எழுதின நம்பர். பெத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே வேலை பாக்கறவங்கதான் பழக்கதோஷத்துல அப்படி எழுதுவாங்க.”

தாள்களைப் பரப்பிப் பார்த்தேன். தபால்காரன் கண்ணுக்கு ஒரு பார்வை போதும். எழுதியது ஒரே கை. ஒரு கட்டம்கூட விடவில்லை. அடியில் கையெழுத்துகள் மட்டும் அந்தந்த அம்மாவுடையவை. சிலது கஷ்டப்பட்டு வரைந்தவை.

மூலையில் நாங்கள் குத்திய வரிசை எண். 301. 302. 303.

“செவ்வாய்க்கிழமை கொண்டுபோன கட்டு எது?”

நோட்டைப் புரட்டினாள். “முந்நூத்தி ஒண்ணுலேர்ந்து முந்நூத்தம்பது வரைக்கும்.”

அவர் பிடுங்கிய கட்டு.

நாற்பத்தொன்பது நிரம்பி வந்திருந்தன. ஐம்பதாவது தாள் காலி. அதன் பின்னால் இரண்டு வரி, அதே கை. பெயர் போடவில்லை.

‘இது பத்தாது. திங்கட்கிழமை இன்னும் ஐம்பது கொண்டு வாருங்கள். கார் எதிரே நிற்கும், பிடுங்கித்தான் வாங்க முடியும்.’

யொலாண்டா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல பதிமூணு பேருக்குச் சீட்டு விழுந்தாலே அந்த ஆளு பள்ளி போச்சு.”

“ம்.”

“தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு.”

“ம்.”

தபால்தலை வாங்காமல் இன்னும் சட்டைப்பையிலேயே இருந்த புகார் உறையை எடுத்து நாலாகக் கிழித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் சேர்க்காத கடிதம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வாசலில் நின்றோம். எதிரே வெள்ளைக் கார். டன்ஸ்டன் வந்தார், பிடுங்கினார். திருடன் என்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி யொலாண்டா திட்டினாள்.

கட்டை மட்டும் இந்தத் தடவை அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை.