விளக்கு மாற்ற வந்தவன்

டி.வி. மெக்கானிக் உள்ளே நுழைந்தபோது, பட்டப்பகலிலும் கூடம் இருண்டு கிடந்தது.

“லைட்டைப் போடுங்கம்மா.”

“அடடா, மறந்தே போச்சு தம்பி!” வீட்டுக்கார அம்மாள் சுவிட்சைத் தட்டினார்.

பழைய புரொஜக்‌ஷன் டி.வி. மூடியைக் கழற்றி, அதன் பெரிய திரைக்குப் படம் போடும் விளக்கை வெளியே இழுத்தான். கண்ணாடி கருகி, விரிசல் விட்டிருந்தது.

“இவ்வளவு பழசை ஏம்மா கட்டிக்கிட்டு அழறீங்க? புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?”

“வேண்டாம் தம்பி. இதுலதான் அவ முழு உசரத்துக்கு நிப்பா. சீக்கிரம் மாட்டுங்க.”

எந்த சீரியல் கதாநாயகியோ என்று மனசுக்குள் சிரித்தபடி, கண்ணாடியில் விரல் படாமல் புது விளக்கைப் பொருத்தி, டி.வி.யைப் போட்டான்.

திரை மெல்ல வெளுத்தது. மஞ்சள் கவுன் போட்ட ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி ஆடியது.

“வந்துட்டாளா?”

“பளிச்சுனு வந்துடுச்சு. நீங்களே பாருங்க” என்று திரும்பினான். அந்த அம்மாளின் கண்கள் எதிர்ச்சுவரில் அசையாமல் நிலைத்திருந்தன.

“எனக்கேது தம்பி பார்வை? என் பொண்ணு போய் வருஷம் பன்னெண்டாச்சு. தினமும் இந்த வீடியோவைப் போட்டு அவ குரலைக் கேட்பேன். மூணு நாளா சத்தம் மட்டும்தான் வருது, படமே வரலைன்னு பக்கத்து வீட்டுக்காரங்க நேத்துதான் சொன்னாங்க.”

அவர் கை தடவித் தடவித் திரையைத் தொட்டது.

“பாப்பாவுக்கு இருட்டுன்னா பயம் தம்பி. மூணு நாளும் தனியா விட்டுட்டேனே… முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, அழறாளா?”

அவன் திரையை நிமிர்ந்து பார்த்தான்.

“இல்லம்மா. சிரிக்கிறா.”