டிரைவர் வீட்டு இரைச்சல்

பஸ் டிரைவர் விலை போய்விட்டார் என்றுதான் தெருவே பேசிக்கொண்டது.

பேசாமல் என்ன செய்வது? எங்கள் தெருக்கோடியில் ஒரு டேட்டா சென்டர். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்க ராட்சத ஃபேன்கள் ஓடும். மூன்று வருஷமாக ராத்திரி பகல் பாராமல் 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அதை எதிர்த்து எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் கேட் முன்னால் உட்கார்ந்தவரே இந்த டிரைவர்தான். போன வாரம் ஒருவழியாகத் தடுப்புச் சுவர் எழுப்பிச் சத்தத்தை அடக்கினார்கள்.

இப்போது அதே இரைச்சல் டிரைவர் வீட்டிலிருந்து வருகிறது. அதுவும் பட்டப்பகலில், கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு.

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தடுப்புச் சுவரில் காதை வைத்துப் பார்த்தோம், கப்சிப். டிரைவர் வீட்டுக் கதவில் வைத்தால், உம்ம்ம். ரகசியமாக ஒரு மெஷினை உள்ளே வைக்க இடம் கொடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பெரிய மெஷின் அந்த வாசலில் நுழையுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

மருந்துக்கடை அக்காவுக்குத்தான் கோபம் அதிகம். ஒரு வாரமாகவே யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சிணுங்குகிற மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம்.

கதவை ஒரு சாண் திறந்த டிரைவர், உதட்டில் விரலை வைத்தார்.

"இப்ப எங்க வாயையும் அடைக்கப் பாக்கறீங்களா?" என்றபடி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மெஷின் எதுவும் இல்லை. பாயில் டிரைவரின் இரண்டு வயது மகன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் ஒரு செல்போன். இரைச்சல் அதிலிருந்துதான் வந்தது.

டிரைவர் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

"அதிகாரிகிட்ட போட்டுக் காட்ட ரெக்கார்ட் பண்ணினேனே, அதேதான். இவன் பொறந்ததுல இருந்து இந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டான். அது நின்னதுல இருந்து கண்ணை மூடினாலே அலறி எழுந்திரிக்கிறான். டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியில சொல்லிடாதீங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா, உங்க பிள்ளைங்களுக்கே இது பிடிச்சிருக்குன்னு சொல்லித் தடுப்பைப் பிரிச்சுடுவாங்க."

நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கே குழம்பிப்போனது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

அக்கா மட்டும் நகரவில்லை. இவ்வளவு நேரம் சிணுங்கிய மகள் அவர் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டிருந்தாள்.

கடைசியாக வெளியேறிய என் காதில் அவர் குரல் மெதுவாக விழுந்தது.

"அண்ணே, அதை எனக்கும் அனுப்பி விடுங்க."