லீவு எத்தினி நாளு?

"எத்தினி நாளுடா லீவு? எப்போ திரும்பிப் போற?"

அஞ்சு வருஷம் கழித்து சவுதி தம்மாமிலிருந்து வந்து இறங்கிய வல்லரசுவிடம், ஏர்போர்ட் வாசலில் அக்கா செங்கொடி கேட்ட முதல் கேள்வியே இதுதான். நல்லா இருக்கியா, அது இல்லை. இளைச்சுப் போயிட்டியே, அதுவும் இல்லை.

"இன்னாக்கா, இன்னும் வண்டியிலயே ஏறல. அதுக்குள்ள தொரத்துற?"

"அட, சொல்லுடா!"

"பத்து நாளு."

செங்கொடி அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ சரி. நாயித்துக்கெயம சின்னவளுக்குக் காது குத்து. வியாயக்கெயம மணலி புதுநகர் வூட்ல பால் காய்ச்சறோம். சனிக்கெயம பெரியவ எழிலு பட்டம் வாங்குது. எல்லாத்துக்கும் தாய்மாமன் நீதான் முன்னால நிக்கணும்."

வல்லரசுவுக்குச் சுருக்கென்றது. கூட வேலை செய்யும் காசிமேட்டு உசேன் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தான். "உஷாரா இரு மாமு. நாம லீவுல போற நேரம் பாத்துதான் வூட்ல எல்லா ஃபங்ஷனும் வெப்பாங்கோ. சீரு கறக்கணும்ல!"

உசேன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அப்போது சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. திருவொற்றியூர் வந்து சேருகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சின்னவள் தென்றலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கைக்குழந்தையா என்ன? யூகேஜி முடித்தவள். ஆசாரி ஊசியை எடுத்ததும் விட்டாள் ஒரு உதை. மாமனின் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது.

"இன்னா செங்கொடி, ஒரு வயசுல குத்த வேண்டிய காது. இஸ்கூல்ல பசங்க கேலி பண்றாங்கோன்னு கொயந்த அயுதுகினு கெடந்துச்சே. இவ்ளோ நாளு இன்னா பண்ண?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா.

"வேள வர்ல" என்றாள் செங்கொடி.

தோடு வர்லேன்னு சொல்லு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான் வல்லரசு. தோடு அவன் பெட்டியில்தான் வந்திருந்தது.

வியாழக்கிழமை புது வீடு. பேருக்குத்தான் புதுசு. சுவரில் பெயின்ட் உப்பியிருந்தது. மூலையில் ஒட்டடை. குழாயைத் திறந்தால் துருத் தண்ணி.

"கட்டி முடிச்சு எவ்ளோ நாளாச்சுக்கா?"

"அது ஆவுது, ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா சொந்த வூட்டப் பூட்டி வெச்சுகினு வாடக வூட்லயா கீறீங்கோ?"

"சும்மா பேஜாரு பண்ணாத. அடுப்பப் பத்த வை."

அந்த அடுப்பும் தாய்மாமன் சீர்தான். பற்ற வைத்தான். பால் பொங்கியது. அவனுக்கும் பொங்கியது. வெளியே வந்து உசேனுக்குப் போன் போட்டான்.

"நீ சொன்னது கரீட்டு மாமு. இவங்களுக்கு நான் வாணாம். என் பொட்டிதான் வேணும்."

சனிக்கிழமை காலேஜ். நம்ம வீட்டில் முதல் டிகிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் செங்கொடி. மேடையில் எழில்மொழி பட்டம் வாங்கியபோது வல்லரசு கை வலிக்கத் தட்டினான். கோபம் வேறு, எழிலு வேறு.

விழா முடிந்ததும் வாசலில் ஒரே கூச்சல். பெண்கள் கறுப்புக் கவுனோடு கட்டிப்பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். எழில்மொழியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. தனியாக மாமனைத் தேடி வந்தாள்.

"இன்னா எழிலு, மூணு வருஷம் படிச்சதுக்கு ஒரு தோஸ்து கூடவா இல்ல? நீயும் உங்கம்மா மாதிரி காரியம் இருந்தாத்தான் பேசுவியா?"

வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற செங்கொடி முகம் செத்துப்போனது.

எழில்மொழிக்கு அது உறைக்கவில்லை. சிரித்தாள். "இவங்கல்லாம் என் ஜூனியருங்கோ மாமா. எங்க செட்டு போன வருஷமே வாங்கிட்டாங்கோ."

"அப்போ நீ? அரியரா?"

"ஐய! நான் கிளாஸ்ல மூணாவது."

"பின்ன?"

"நான் காலேஜ் சேந்தப்போ போன்ல நீ இன்னா சொன்ன? நான் வந்து பாக்காம நீ கறுப்புக் கவுன் மாட்டக் கூடாதுன்னு சொன்னல்ல? போன வருஷம் லீவு குடுக்கலேன்னு போன்ல அயுத. அதான், அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கிறேன்னு காலேஜ்ல சொல்லிட்டேன்."

அப்படிச் சொன்னது அவனுக்கே மறந்து போயிருந்தது.

"நான் மட்டும் இல்ல மாமா. தென்றல் காது, அந்த வூடு, எல்லாந்தான். அப்பா எத்தினி தபா சண்ட போட்டாரு தெரியுமா? என் தம்பி வராம எதுவும் நடக்காதுன்னு அம்மா ஒரே பிடி."

வல்லரசுவால் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "அக்கா..." என்றான். கண்ணாடியைக் கழற்றினான்; கண் நிறைந்திருந்தது.

"அயுது தொலைக்காதடா. போட்டோல கலீஜா தெரியும்" என்று முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள் செங்கொடி. பிறகு கேட்டாள்.

"அடுத்த தபா எப்போடா வருவ? சொல்லிட்டுப் போ. அத்த வெச்சுதான் இவ கல்யாணத்துக்குத் தேதி பாக்கணும்."